நான் விட்ட மீன்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு வருடமாக நான் மீன்களுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயில்தான். அதைப் படம் எடுத்து, தூண்டில் போடும் நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் ‘பிடித்தேன், விட்டேன்’ என்று எழுதிப் போடுவேன். பெருந்தன்மை என் முகத்தில் வழிவது படத்தில் தெளிவாகத் தெரியும். மீனின் முகத்தில் என்ன தெரிகிறது என்று நான் பார்த்ததில்லை. மற்ற பதினொரு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். மீனுக்குக் கட்டைவிரல் இல்லாததால் அதன் கருத்து யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நான் குன்னூர்வாசி. வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வருகிற பொருளை அளப்பேன். அளவு சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் ஒதுக்கிவைப்பேன். வாரத்தில் ஆறு நாள் இதைச் செய்கிறவன் ஏழாவது நாள் ஓய்வெடுக்க வேண்டும். நான் ஏழாவது நாள் மீன்களை அளக்கப் போனேன்.

ஊட்டியில் பஸ் மாறி, கூடலூர் பஸ்ஸில் நடுவட்டத்துக்கு முன்னால் இறங்கி, தேயிலைக்குள் அரைமணி நேரம் நடந்தால் அந்த ஓடை வரும். தூண்டிலை மடக்கி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துக்கொண்டு போவேன். பஸ்ஸில் பாதிப் பேர் என்னைக் குழாய் ரிப்பேர்காரர் என்று நினைத்திருந்தார்கள். ஒரு அம்மா தன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி ஒழுகுவதை ஊட்டியிலிருந்து பைக்காரா வரைக்கும் விளக்கினார். கடைசியில் நானும், வாஷர் மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த ஓடையில் இருப்பது டிரவுட். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன். குளிர்ந்து, ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர்தான் அதற்கு வேண்டும். அணைகளில் இருக்கும் டிரவுட் பெரும்பாலும் பண்ணையில் பொரித்துக் கொண்டுபோய் விடுவது. இந்த ஓடையில் யாரும் விடுவதில்லை. அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே பொரிந்து, அங்கேயே வளர்ந்த காட்டு மீன்கள். அதனால் விதிகளும் உண்டு. லைசென்ஸ் வேண்டும். ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திருப்பி விட வேண்டும். பெரியது என்றால் நாளைக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில், அது முட்டையிடும் மாதங்களில், தூண்டிலே கூடாது.

விதி போதாது என்று எனக்குத் தோன்றியது. விதிக்கு மேல் நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: எந்த மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பிடிக்கிற எல்லாவற்றையும் விட்டுவிடுவது. தேயிலை பறிக்கிற பெண்கள் எனக்கு ‘விடுற சார்’ என்று பேர் வைத்தார்கள். “இம்புட்டுத் தூரம் வந்து புடிக்கிறதும் விடுறதும், அதுக்கு வூட்டுலயே தூங்கியிருக்கலாமுல்ல” என்று ஒருவர் சொன்னதற்கு, மற்றவர், “வூட்டுல தூங்க விடல போல” என்றார். நான் சிரித்தேன். தியாகிகள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்குக் குளிர் ஆகாது. காலையில் விரல்கள் சிவந்து, வீங்கி, முள்ளங்கி மாதிரி ஆகிவிடும். என் மனைவி மலைக்குக் கீழே சிறுமுகைப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி வந்த பிறகு மலைக்குளிரைத் தாங்குவதற்காகவே பின்னல் கற்றுக்கொண்டவர். எனக்கென்று ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்திருந்தார். நீலமும் சாம்பலும் கலந்தது, விரலுக்கு விரல் அளவெடுத்துப் பின்னியது. “ஏனுங்க, கழட்டிக் கிழட்டி வச்சுட்டு வந்துராதீங்க. தண்ணிக்குள்ள கைய உடாதீங்க” என்று சொல்லித்தான் அனுப்புவார். நான் மனைவி சொல்லைத் தட்டாதவன். கழற்ற மாட்டேன்.

மீன் மாட்டியதும் நான் செய்வதைச் சொல்கிறேன். தண்ணீரிலிருந்து தூக்குவேன். நானே இழைத்துச் செய்த தேக்குப் பலகையில் படுக்கவைத்து அளப்பேன். நீளத்தைக் குறிப்பேட்டில் எழுதுவேன். பிறகு படம். கையுறை போட்ட விரலுக்குப் போன் திறக்காது. ஆகவே இடது கையால் மீனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, போனைத் திறந்து, ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் ஒரு படம், முத்தத்தோடு ஒரு படம். மூன்று நிமிடம் ஆகும். வெளிச்சம் நன்றாக இருந்தால் நான்கு. அப்புறம் தண்ணீருக்குள் வைத்து, “போயிட்டு வா ராசா” என்று வழியனுப்புவேன். ராசா முதலில் கொஞ்சம் தள்ளாடும். நன்றிப்பெருக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

ஓடைக்கு ஒரு காவலர் இருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். மீன்துறையில் தற்காலிக வேலை. அது பல வருடமாகத் தற்காலிகமாகவே இருந்துகொண்டிருக்கிறது. அப்பா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். அம்மாவும் தங்கையும் தேயிலை பறிக்கிறார்கள். புடவைக்கு மேல் ஆம்பளைக் காக்கிக் கோட்டு, கையில் ஒரு கம்பு, கோட்டுப் பையில் நோட்டு. காலையும் மாலையும் ஓடையை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்ப்பார். ஆறு வருடத்தில் நான் போன ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் என்னை நிறுத்தியிருக்கிறார்.

“சார், லைசென்சு.”

“என்னைத் தெரியாதுங்களா?”

“ஒங்களத் தெரியும். லைசென்சத் தெரியாது.”

போன வருடம் மழை முடிகிற சமயத்தில் அவர் தன் அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். ஓடையில் மீன் குறைந்துகொண்டே வருகிறது, பெரிய மீன் கண்ணிலேயே படுவதில்லை, இரண்டு வருடம் தூண்டிலை முழுக்க நிறுத்தி ஓடையை மூடிவைத்தால்தான் தாய்மீன்கள் மிஞ்சும் என்று. அதிகாரி நியாயமான மனிதர். தூண்டில்காரர்களின் கருத்தையும் எழுதித் தாருங்கள், இரண்டையும் பார்த்து முடிவெடுக்கிறேன் என்று எங்கள் குழுவுக்குச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் குழுவில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான். எழுதினேன். ‘நாங்கள் பிடிக்கும் மீன்கள் அனைத்தையும் உயிருடன் விட்டுவிடுகிறோம். ஆகவே எங்களால் ஓடையில் ஒரு மீனும் குறைவதில்லை. ஓடையை மூட வேண்டிய அவசியம் எழவில்லை.’ பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதோடு நின்றிருக்கலாம். கடிதத்தை அந்த அம்மாவிடம் காட்டிவிட்டு அனுப்புவதுதான் மரியாதை என்று அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன்.

ஓடையின் மேல் போட்டிருக்கிற மரப்பாலத்தில் நின்று படித்தார். இரண்டு முறை படித்தார். மடித்துக் கொடுத்தார். 

“நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

“நன்றிங்க.”

“ஒரு மீனும் கொறையலன்னு போட்டிருக்கீங்களே. அத எங்க போயி பாத்தீங்க?”

“விட்ட மீனை எங்கீங்க போய்ப் பாக்கறது? அதுதான் போயிருச்சே.”

“கீழ போயிருச்சு. ரெண்டு நாளு, மூணு நாளு கழிச்சு கல்லிடுக்குல மல்லாந்து கெடக்கும். நான்தான் எடுத்துப் போடுறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் அடிக்கிற மருந்து மழைத்தண்ணீரோடு வந்திருக்கும் என்றேன். மீனை மயக்கி அள்ள யாராவது பிளீச்சிங் பவுடர் கலந்திருப்பார்கள் என்றேன். 

“மருந்து வந்தா நண்டு, தவக்கள, குஞ்சு எல்லாந்தான் சாவும். இது நீங்க வந்துட்டுப் போன வாரம் மட்டும் சாவுது. வராத வாரம் ஒண்ணுமில்ல. மருந்துக்குக் காலண்டரு பாக்கத் தெரியுமா சார்?”

நான் இன்ஸ்பெக்‌ஷன்காரன். வாய்ச்சொல்லுக்கு முத்திரை போட்டுப் பழக்கமில்லை. “நிரூபிச்சுக் காட்டுங்க பாக்கலாம்” என்றேன். சொன்ன பிறகுதான், இந்த அம்மா அதற்காகவே பல மாதமாகக் காத்திருந்தவர் என்று புரிந்தது. 

“அம்மா கொழுந்து பறிச்ச மூங்கிக் கூட ரெண்டு கெடக்கு. இப்ப கோழி கவுக்குறோம். அதத் தண்ணிக்குள்ள எறக்கி, மேல வல கட்டிருவோம். ஒண்ணுல ஒங்க மீன விடுங்க. ஒண்ணுல நான் என் கையால எடுத்து விடுறேன். ஒரு வாரம் கழிச்சு வந்து பாருங்க. ஒங்களது நல்லா இருந்துச்சுன்னா கடுதாசிய அனுப்புங்க. நான் மனுவத் திருப்பி வாங்கிக்கிறேன்.”

“செத்துட்டா?”

“கடுதாசியக் கிழிச்சிருங்க.”

அதிகாரியிடம் அனுமதி கேட்டு வாங்கியதும் அவர்தான். அடுத்த ஞாயிறு போனபோது, கூடைகள் கல் கட்டி, பாலத்துக்குக் கீழே ஓட்டமான தண்ணீரில் பாதி முங்கி நின்றன. ஆளுக்கு நான்கு மீன் என்று பேச்சு. என் வாழ்நாளில் நான் ஒரே நாளில் நான்கு மீன் பிடித்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கென்று மாட்டின. முதல் மீனைத் தூக்கியதும், கொஞ்சம் பூப்போலக் கையாளலாமே என்று ஒரு திருட்டு யோசனை வந்தது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வழக்கமா செய்யிறத செய்யுங்க சார். பலகையில வைங்க.”

வைத்தேன்.

“போட்டோ எடுக்கலயா?”

எடுத்தேன்.

“முத்தமும் குடுங்க. எப்பவும் குடுக்குறதுதானே.”

நான்கு மீனுக்கும் கொடுத்தேன். ஒரு அரசாங்க ஊழியர் முன்னிலையில், முறைப்படி. 

பிறகு அவர் என் தூண்டிலை வாங்கினார். முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கூர்முனையை ஒரு கல்லில் வைத்துத் தட்டி நசுக்கினார். என் தூண்டில், மீனை ஏமாற்ற நான் இறகு கட்டிச் செய்த பொய் ஈ, என் கண்ணெதிரே. நான் ஒரு முழுப் பகலில் பிடித்ததை அவர் டீ குடிக்கிற நேரத்தில் பிடித்தார். ஒன்றையும் தண்ணீருக்கு வெளியே தூக்கவில்லை. கையை முதலில் ஓடையில் நனைத்துக்கொண்டார். மீன் தண்ணீரிலேயே இருக்க, முள்ளைத் தொட்டுத் திருப்பினார், அது கழன்றது, மீன் வழுக்கிக்கொண்டு கூடைக்குள் போனது. நீளம் என்ன, எடை என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த வாரம் தொழிற்சாலையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தேன். புதன்கிழமை மதியம் தாங்காமல் அவருக்குப் போன் செய்தேன். 

“எப்படீங்க இருக்காங்க?”

“யாரு?”

“அதுதான், நம்மாளுக.”

“வந்து பாருங்க சார்” என்றார். அந்தக் குரலில் வெற்றி இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். இல்லை. 

ஞாயிறு முதல் பஸ்ஸில் போனேன். அவருடைய கூடையில் நான்கும் ஓட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்து, வால் மட்டும் அசைய, வரிசையாக நின்றன. என்னுடைய கூடையில் ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றும் செவ்வாய், புதன், வெள்ளி என்று போயிருந்தன. செத்த மீனை அழுகவிட வேண்டாம் என்று எடுத்துப் புதைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஃபெர்ன் இலைமேல் கிடத்திப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். காட்டினார். 

மீனின் உடம்பில், விலாவில், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரு பக்கம் நான்கு பட்டை. திருப்பிப் போட்ட படத்தில் மறுபக்கம் ஒரு பட்டை, தடித்து. இரண்டாவது மீனிலும் அப்படியே. மூன்றாவதிலும். எனக்குப் புரியச் சற்று நேரமானது. போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு என் இடது கையைப் பார்த்தேன். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். மனைவி அளவெடுத்துப் பின்னிய அளவு. இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு பொருளிலும் முத்திரை குத்துகிறவன், மீனையும் விட்டுவைக்கவில்லை.

“அதுக்கு மேல ஒரு வழவழப்பு இருக்குல்ல சார். அதுதான் அதுக்குச் சட்ட. கம்பிளி அத உருவிப் போட்டுருது. அப்பறம் தண்ணியில இருக்குற பூஞ்ச புடிச்சிக்கிது. வெளிய வச்சிருந்த நேரத்துல மூச்சும் போயிருது. ஒடனே சாவாது. ஒங்க கண்ணுக்கு முன்னாடி நல்லாத்தான் நீந்திப் போவும்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க.”

“லைசென்சு இருக்குது. விதிப்படிதான் செய்யிறீங்க. நான் வாட்ச்சரு. என்னான்னு சொல்லுவேன்?”

ஆறு வருடத்துக் குறிப்பேடு பையில் இருந்தது. ஒவ்வொரு மீனின் நீளமும், தேதியும், பக்கத்தில் சின்னதாக ‘வி’ என்று, விடப்பட்டது என்பதற்கு அடையாளமாக, எழுதியிருந்தேன். எத்தனை ‘வி’ என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மீனை எடுத்துக்கொண்டுபோய்ப் பொரித்துத் தின்கிறவனை எங்கள் குழுவில் நாங்கள் ஏளனமாகப் பேசுவோம். அவன் இரண்டோடு நிறுத்தியிருந்தான்.

கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தேன். தண்ணீருக்குள் கையை விட்டேன். எலும்பு வரைக்கும் குளிர் போயிற்று. மிஞ்சியிருந்த அந்த ஒன்றை, கூடையைச் சாய்த்து வெளியே விட்டோம். அதன் விலாவிலும் வெள்ளை தொடங்கியிருந்தது. மெதுவாகப் போய் ஒரு கல்லின் நிழலில் நின்றுகொண்டது. அன்றைக்கு நான் ராசா என்று எதுவும் சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்தேன். காகிதத் துண்டு ஓடையில் விழுந்துவிடாமல் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

குழுவைக் கூட்டினேன். குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடி. நடந்ததைச் சொல்லி, படங்களைக் காட்டினேன். முத்தம் கொடுத்ததையும் மறைக்கவில்லை. சிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் போனில் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் படத்திலும் ஒரு கையுறை இருந்தது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் வேறு எப்படிக் காலையில் மீன் பிடிப்பான்?

தோட்ட மானேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மூடறதெல்லாம் பேப்பருல நல்லாத்தான் இருக்கும். நாம போறதுனாலதான் அங்க வலை போடறவனும் பவுடர் கலக்கறவனும் பயப்படறான். நாம ஒதுங்கிட்டா ஒரு மாசத்துல ஓடையே இருக்காது. அந்தம்மா ஒரு ஆளு, எத்தன பக்கம்னு பாப்பாங்க?” 

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அதற்குள் ஒரு தட்டு வர்க்கி தீர்ந்தது. கடைசியில் இப்படி எழுதினோம்: ஓடையை இரண்டு வருடம் மூடச் சம்மதம். அந்த இரண்டு வருடமும் ஞாயிறுதோறும் இரண்டு பேர் முறைவைத்துப் போய், தூண்டில் இல்லாமல், காவலரோடு நடப்போம். தூண்டில் திறந்திருக்கிற அணைகளில் எங்களவர்கள் நனைந்த வெறுங்கையோடு, கூர் நசுக்கிய முள்ளோடு, மீனைத் தண்ணீருக்குள் வைத்தே விடுவார்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மானேஜர் போட்டார். போடாத நால்வர் குழுவை விட்டு வெளியேறினார்கள். வெளியேறுகிறவர்களுக்கும் பழக்கதோஷத்தில் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பின்னியவரிடம் எப்படிச் சொல்வது? சமையலறையில் நின்று, பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, ஒருவழியாகச் சொன்னேன். மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டார். 

“நாந்தான் கழட்டாதீங்கன்னு சொன்னது.”

“நீ குளிருக்குச் சொன்ன.”

“பாவமுங்க, அது ஒரு உசுருதானுங்களே.” அடுப்பைத் திரும்பப் பெரிதாக்கிவிட்டு, “செரி, பஸ்ஸுல போறப்ப போட்டுக்குங்க. ஓடைகிட்ட போனதும் கழட்டிப் பையில வச்சுக்குங்க. வந்ததும் நல்லெண்ண காச்சித் தேச்சு உடறேன்” என்றார். அன்றிலிருந்து தேய்த்துவிடுகிறார். ஒரு மீனும் பிடிக்காத கைக்கு இவ்வளவு உபசாரம் நடக்கிற வீடு குன்னூரில் வேறு இல்லை.

அதிகாரி ஒத்துக்கொண்டு, ஓடை மூடப்பட்டிருக்கிறது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, என் முறை. காலை வெயில் தேயிலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. தூண்டில் இல்லாமல் நடக்கும்போது கையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பழகவில்லை. காவலர் அம்மா முன்னால் போனவர் சட்டென்று நின்று, கம்பை நீட்டிக் காட்டினார். 

முழங்கால் ஆழம்கூட இல்லாத இடம், அடியில் சின்னக் கூழாங்கல். ஒரு பெரிய டிரவுட், இரண்டு சாண் இருக்கும், பக்கவாட்டில் சரிந்து வாலால் கல்லை அடித்து அடித்து விலக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வயிறு வெள்ளையாகப் பளிச்சிட்டது. கொஞ்சம் பின்னால் சின்னதாக இன்னொன்று, முறைக்குக் காத்திருக்கிற மாதிரி. கல் விலகிய இடத்தில் ஒரு குழி, கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக. ஆறு வருடம் இந்த ஓடைக்கு வந்திருக்கிறேன், இது முட்டைக்கு இடம் பண்ணுவதைப் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது, தூண்டில் கூடாத மாதங்களில் நான் இந்தப் பக்கமே வந்ததில்லை, மீன் எனக்கு அறிமுகமானதெல்லாம் தூண்டில் முனையில்தான்.

“நாலஞ்சு வருசமாச்சு சார், இந்தச் சைசுல ஒண்ணப் பாத்து” என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். 

எனக்கும் இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும்போல இருந்தது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினேன். செருப்பைக் கழற்றினேன். “ஏனுங்க, ஒரே ஒரு நிமிசம்” என்றேன். “தொட மாட்டேனுங்க. கையப் பின்னாடி கட்டிக்கறேன். போனு பையிலயே இருக்கட்டும். சும்மா தண்ணிக்குள்ள ரெண்டு எட்டு வச்சு, குனிஞ்சு, ஒரு பார்வ பாத்துட்டு, வந்த வழியே திரும்பி வந்துடறனுங்க.”

“கரையிலயே நில்லுங்க சார்.”